என் வலது முழங்காலின் வழக்கு

என் வலது முழங்கால் உள்பக்கம் சரிந்திருக்கும். நடந்தால் இடது முழங்காலுடன் முட்டும். பள்ளிக்கூடத்தில் ‘கத்தரிக்கோல்’ என்று கூப்பிட்டார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அம்மாவின் பல்லவியைத்தான் தாங்க முடியாது. “காலை ஒழுங்கா வைச்சு நடவன். எல்லாம் உன்ரை பழக்கம்.” எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அதே கதைதான். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாசம் முழங்கால் நோ தாங்காமல் யாழ்ப்பாணத்தில் எலும்பு டொக்டரிடம் போனபோது, அம்மாவையும் வேண்டுமென்றே கூட்டிக்கொண்டு போனேன். பழக்கமா, எலும்பா என்று அம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்துவிட வேண்டும்.

டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ரெண்டு காலும் எண்டால் வேறை கதை. சின்னனிலை கனபேருக்கு அப்பிடி இருந்து, வளர வளரத் தானா நிமிர்ந்திடும். உங்களுக்கு ஒரு கால்தான். சின்ன வயசிலை விழுந்தனீங்களோ?”

“எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை” என்றேன்.

“விழுந்தவள்” என்றார் அம்மா. “சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து கொடிகாமத்துக்குப் போகேக்கை, ட்ரக்டர் பெட்டியிலையிருந்து. முழங்கால் வீங்கினது. பத்துப் போட்டன், வத்திப்போச்சு.”

டொக்டர் படத்தில் தொடை எலும்பின் கீழ்நுனியைக் காட்டினார். “எலும்பு வளர்ற குருத்து இஞ்சைதான் இருக்கு. விழுந்ததிலை வெளிப்பக்கம் நசிஞ்சு, வளராமல் நிண்டிட்டுது. உள்பக்கம் தன்ரை பாட்டிலை வளர்ந்திருக்கு. பிறகு கால் சரியாமல் என்ன செய்யும்?”

அப்பாடா, வென்றுவிட்டேன்! சொல்லிக் காட்ட எத்தனையோ வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முகம் கறுத்துப்போயிருந்தது.

“அண்டைக்கே கொண்டு போயிருந்தா நிமிர்ந்திருக்குமோ, டொக்டர்?”

“அதைச் சொல்லேலாதம்மா. அந்த நேரம் எங்கை கொண்டு போறது?” என்றார் அவர்.

பஸ் நிலையத்தில் வாங்குப் பலகையொன்றில் இருந்தோம். அம்மா எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “நீ அழவேயில்லையடி. அழுதிருந்தா அந்தச் சனத்துக்குள்ளையும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பன்” என்றார்.

இத்தனை வருடக் கோபமும் எங்கே போனதோ தெரியவில்லை.

“நோகேல்லை அம்மா. அதுதான் அழேல்லை. எனக்கு நல்ல ஞாபகம்” என்றேன்.

“ஒரு ஞாபகமும் இல்லையெண்டு இப்பதானே டொக்டருக்குச் சொன்னனீ” என்றார் அம்மா. என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கு முன்னாலும் அழத் தொடங்கினார்.