ராசியில்லாத கை

எங்கள் கோழிப்பண்ணைக்கு முட்டை ஏற்ற வந்த லாரியைப் பின்னால் எடுத்தபோது பண்ணை நாயின் இடுப்பு சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. உயிர் தங்கிவிட்டது, பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. சித்தப்பா அதற்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்தார். உருளாமல் கிடக்கிற டயரை வேறெப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார்.

கால்நடை டாக்டர் வந்தபோது அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். அதனால் டாக்டர் செய்முறையை என்னிடம்தான் காட்டினார். இனி அது தானாக மூத்திரம் போகாது. காலையும் மாலையும் அடிவயிற்றை மெல்ல அழுத்தி எடுத்துவிட வேண்டும், ஒரு வேளையும் தப்பக்கூடாது. எனக்குப் பத்து வயது. படிப்பிலும் ஓட்டத்திலும் கடைசியாக வருகிற எனக்கு, எனக்கு மட்டுமே தெரிந்த காரியம் என்று ஒன்று அப்போதுதான் வாய்த்தது. தீவன மூட்டைகளுக்குப் பின்னால் தூக்கிப்போய், பாவாடை நனைய நனைய, யாருக்கும் தெரியாமல் செய்வேன்.

சித்தி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"அதுக்கு என்ன பண்ணோணும்னு எனக்குஞ் சொல்லிக் குடு சாமி. நீ இல்லாதப்ப ஆகுமில்ல."

"ஒண்ணுமில்ல சித்தி, சும்மா வகுத்தத் தடவிக் குடுப்பேன்."

தம்பிக்குக் காது குத்தக் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். அங்கிருந்து அம்மாவின் ஊருக்கு. மொத்தம் நான்கு நாள். பண்ணையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று சித்தியை விட்டுவிட்டார்கள். கிளம்புகிற காலையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டு, இது திரும்பி வரும்வரை தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் வந்தது. "ஏனுங்கக்கா, நாய் எதுவும் திங்க மாட்டீங்குது. வகுறு கல்லாட்டக் கெடக்குது." என்னைத் தேடி ஏங்குகிறது என்று நினைத்தேன். வெட்கங்கெட்ட சந்தோஷம் எனக்கு. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது அதைச் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். உப்பியிருந்த வயிற்றைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ பண்றாப்பலயேதான் சாமி, ரெண்டு வேளையும் தடவிக் குடுத்தேன்," என்று சித்தி அழுதாள். "எங்கைக்கு ராசியில்ல."

நான் சாக்கை இழுத்து அந்த வயிற்றை மூடினேன். அவள் நாய்க்காக அழுகிறாள், நான் அடி வாங்காமல் தப்பினேன், அவ்வளவுதான் என் கணக்கு. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அவளுக்குக் குழந்தையில்லை. காது குத்துக்கு அவளைக் கூட்டிப்போகாததற்குக் காரணம் பண்ணை அல்ல என்பதோ, ராசி என்கிற சொல்லை உறவெல்லாம் ஏற்கெனவே அவள்மேல் எறிந்திருந்தது என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. யார் சொல்லியும் அவள் அதை நம்பாமல்தான் இருந்தாள். நம்ப வைத்தவள் நான்.