அசையாத நண்டு

என் அக்கா நண்டுகளை ஆராய்கிறவள். நண்டின் ஓட்டில், இதயத்துக்கு நேர் மேலே பட்டாணி அளவு சென்சாரை ஒட்டி, ஒயரைக் கணினியில் செருகிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதே ஆய்வுக்கூடத்தில் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுகிற வேலை எனக்கு.

அன்று, துறைமுகத்தில் கடலுக்குள் தூண் அடித்து இறக்கும் சத்தத்தின் பதிவைத் தொட்டிக்குள் ஒலிக்கவிட்டாள். நண்டு ஆடாமல் அசையாமல் நின்றது. திரையில் பார்த்தால் இதயம் நின்று நின்று துடிக்கிறது. பயந்த நண்டு அப்படித்தான்.

பக்கத்தில் நின்ற ஆய்வுக்கூட இயக்குநர் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. கண் எதற்குத்தான் இருக்கிறதோ அந்த மனுஷனுக்கு.

"நகரவே இல்லையேம்மா. அதுக்குச் சத்தம் பழகிடுச்சு. பாதிப்பு இல்லைன்னு எழுதிடு" என்றார்.

போன அறிக்கையிலும் இப்படித்தான் அவள் எழுதியதை அடித்து மாற்றினார். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அக்கா எழுந்து, மீதியிருந்த ஒரு சென்சாரைக் கையில் எடுத்தாள்.

"இத்தனை வருஷமா உங்க முன்னாடி நானும் அசையாமத்தான் சார் உட்கார்ந்திருக்கேன். இதை என் நெஞ்சுல ஒட்டிக்கிறேன். திரையைப் பாத்துட்டுச் சொல்லுங்க, எனக்குப் பழகிடுச்சான்னு."