தொண்ணூற்றொன்பது காட்டிய தராசு

சூதாட்ட வில்லை செய்கிறவனுக்குச் சூதாட்டம் தெரிய வேண்டாம். சந்தேகப்படத் தெரிந்தால் போதும். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், வெளிநாட்டு கேசினோக்களில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை வார்க்கும் தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அடுத்தவர் கையைச் சந்தேகமாகப் பார்த்தே ஐம்பது வயதைத் தாண்டியவர்களே, நீங்கள் என் கட்சி.

தட்டு

எங்கள் வில்லைக்கு உள்ளே இரும்புத் தகடு, மேலே பிளாஸ்டிக். அச்சிலிருந்து விழும்போது விளிம்பில் பிசிறு நிற்கும். அதைத் தேய்த்து எடுத்து, நூறு நூறாகத் தட்டில் அடுக்குவது நான்கைந்து பெண்களின் வேலை. தட்டை யாரும் எண்ணுவதில்லை. எடை போட்டால், ஒரு மாதிரி வில்லையின் எடையைக் கொண்டு தராசே எண்ணிக்கை காட்டும்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி பேச்சியம்மாள். மூன்று நாளாக அவள் தட்டு மட்டும் தொண்ணூற்றொன்பது காட்டியது. இன்னொரு முறை குறைந்தால் வேலை போய்விடும் என்றேன்.

“நான் எண்ணித்தான் வச்சேன் சார். நீங்களும் ஒருக்கா கையால எண்ணிப் பாருங்களேன்.”

வாசல்

எண்ணவில்லை. பொய் சொல்லத் தராசுக்கு என்ன அவசியம்? காவலாளி ஏழுமலையிடம் அவள் பையைச் சோதிக்கச் சொன்னேன். கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவள் என்னை மட்டும் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்த ஏழுமலை, என் பக்கம் நீட்டினான்.

“ஒரே ஒரு கறிவேப்பில கீது சார். எட போட்டுக்கினு வரவா?”

விளிம்பு

நாலாம் நாளும் தொண்ணூற்றொன்பது. வேலைநீக்கக் கடிதம் எழுதிவிட்டேன். கையெழுத்துக்கு முன், ஆதாரம் வேண்டுமே என்று அவள் எதிரிலேயே எண்ணினேன். நூறு. மறுபடியும் நூறு.

பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு வில்லையை எடுத்து விளிம்பில் நகத்தை ஓட்டினேன். பிசிறு தட்டியது. பேச்சியம்மாளின் வில்லையில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அவள் ஒழுங்காகத் தேய்த்ததில் வில்லைக்கு வில்லை கொஞ்சம் எடை குறைந்து, தட்டுக்கு ஒரு வில்லை எடை போயிருக்கிறது. தராசுக்கு அளவாக வைத்த மாதிரி வில்லை நான் பொறுக்கிக் கொடுத்தது, அதிலும் பிசிறு. மற்றவர்களின் அரைகுறைத் தட்டுகளுக்கு இத்தனை மாதமாக ‘சரி’ போட்டதும் நான்தான்.

கடிதத்தைக் கிழித்தேன். “மன்னிச்சிரும்மா” என்றேன்.

“இங்கன சொல்லி என்ன சார்? சாயங்காலம் பஸ்ஸுக்கு நிக்கையில, அத்தன பேரு முன்னாடியும் சொல்லுங்க.”

அன்று சாயங்காலமே வாசலில் சொன்னேன். சந்தேகப்படும் வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது, இப்போதெல்லாம் நான் ‘சரி’ போட்ட தட்டை நானே இரண்டு முறை எண்ணுகிறேன்.