நீட்டிய இடது கால்

பரவை பக்கம் மழைக்கு ஒதுங்கி நின்ற பைக் ஓட்டிகளில், உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தவர் அவர். மழை விடவில்லை, ரோடு தண்ணீருக்குள் கிடந்தது.

"எம் பின்னாலயே வாங்கண்ணே. நான் இடது கால நீட்டுனா அங்க குழி" என்றார்.

நாலு பைக்குகள் வரிசையாகக் கிளம்பின. அவர் நீட்டினார், எனக்குப் பின்னால் வந்தவருக்காக நானும் நீட்டினேன். ஏழெட்டுக் குழி தப்பினோம். அடுத்ததில் அவரே வண்டியோடு சாய்ந்தார். விழுந்த பிறகும் இடது கால் எங்களுக்காக நீண்டே இருந்தது.

தூக்கிவிட்டோம்.

"இது நேத்து இல்லண்ணே" என்றார். மறுபடியும் முன்னால் போனார்.

அவர் பெயர் தெரியாது, முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. அந்த இடது காலில் கிடந்த, ஊக்கு குத்திய நீல வார்ச் செருப்பை மட்டும் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காட்டுவேன்.