துரை ஊட்டுக் கூஜா

என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் பதில் சொல்லாமல் போனதற்கு அப்பா கண்டுபிடித்த காரணம், எங்கள் வீட்டுப் பித்தளைச் சாமான். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சேந்தமங்கலத்தில் கடலை விளைக்கிற குடியானவர் வீட்டில் பித்தளை இல்லாமல் வேறென்ன இருக்கும்? அவர் கேட்டால்தானே! ஏற்காட்டுத் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது விட்ட ஏலத்தில், வெள்ளி முலாம் பூசிய காப்பிக் கூஜா ஒன்றை எடுத்து வந்துவிட்டார். வளைந்த மூக்கு, பூவேலை செய்த மூடி. அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவதாக வந்தவர்கள் ஆட்டையாம்பட்டிக்காரர்கள். மாப்பிள்ளையை ஒரு தேர் நோம்பியில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. இந்த இடமும் தட்டிப்போய்விடக் கூடாதே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

காலையில் வரவேண்டியவர்கள் உச்சிப்பொழுதுக்குத்தான் வந்தார்கள். கூஜாவில் ஊற்றி வைத்த காப்பி ஆறிப் பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. அதற்கென்ன, சுட வைத்தால் போகிறது என்று கூஜாவை அப்படியே விறகடுப்பில் தூக்கி வைத்தேன். மூக்கை ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள் என்று யார் கண்டது? சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் மூக்கு கழன்று அடுப்பில் விழுந்தது. காப்பி முழுக்கச் சாம்பலில். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே அப்பாவின் குரல்: "துரை ஊட்டு வெள்ளிக் கூஜாவுங்க. அதுலதான் உங்களுக்குக் காப்பி!"

போச்சுடா சாமி என்று நினைத்தேன். ஆனால் கை நிற்கவில்லை. பித்தளைப் போசியில் புதிதாகக் காப்பி போட்டு, கருப்பட்டி தட்டி, பித்தளை டம்ளர்களில் ஊற்றி எடுத்துப் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைப் பார்த்தார். "ஏஞ்சாமி, வெள்ளிக் கூஜான்னாங்களே?"

"அது... கழுவி வெச்சு..." என்று அப்பா இழுத்தார். முகம் வெளுத்துவிட்டது. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அடுப்புல வெச்சேனுங்க, மூக்கு கழண்டு உழுந்துருச்சுங்க" என்றேன். "அதுவும் வெள்ளி இல்லீங்க, முலாம். எங்க ஊட்டுல இருக்கறது பித்தளைதானுங்க. காப்பி சூடா இருக்குது, குடிங்க."

அந்த அம்மா நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"இன்னொரு டம்ளர் ஊத்து சாமி. எங்க ஊட்டுக்கு வாரப்ப அந்தக் கூஜாவ மட்டும் கொண்டாந்துராத."