பஞ்சர் கடையில் மறுபூஜை

விஜயதசமியன்று பெண் பார்க்கப் போகலாம் என்று நாள் குறித்தவர் மாமா. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். "பையனுக்குச் சாமி பக்தி ஜாஸ்தி" என்று பெண்ணின் அப்பாவிடம் அளந்துவிட்டதும் அவரேதான். அதை நம்பித்தான் அந்த மனுஷர் சரியென்றிருந்தார். முன்பு பார்த்த இடங்களெல்லாம் கைநழுவிப் போயிருந்தன. இதுவாவது அமையவேண்டுமே என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

ஓசூரிலிருந்து வேப்பனப்பள்ளி போகும் வழியில், குருபரப்பள்ளியில், மாமாவின் பழைய காரில் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னி ஏற்கெனவே பஞ்சர். இதைக்கூடப் பார்க்காமலா ஒரு மனுஷர் கிளம்புவார்? ராகுகாலத்துக்கு முன் போய்ச் சேராவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எதிரிலேயே பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர்தான் அசையவில்லை. ஜாக்கி, ஸ்பேனர், டயர் கழற்றும் கம்பி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் படுத்திருந்தன.

"நேத்து ஆயுதபூஜைக்கு வெச்சது சார். மறுபூஜை ஆவாம தொடக்கூடாது. வீட்டம்மா பொங்கல் வெச்சு எடுத்தாந்து கற்பூரம் காட்டணும். மத்தியானம் ஆயிடும்."

மாமா செல்போனில் பெண் வீட்டுக்கு விஷயத்தைச் சொன்னார். பெண்ணின் அப்பாவே வண்டியெடுத்துக்கொண்டு வருகிறாராம். அவர் வருவதற்குள் சக்கரத்தை மாட்டிவிடவேண்டும்.

"நான் கற்பூரம் காட்டுனா ஒத்துக்குவீங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"மந்திரம் தெரியுமா?"

"இவனுக்குத் தெரியாத மந்திரமா" என்றார் மாமா, கூசாமல்.

எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது. கடைக்காரர் தட்டையும் மணியையும் நீட்ட, கற்பூரத்தை ஏற்றினேன். மனப்பாடமாக வந்தது ஒன்றுதான்: கம்பெனியில் ஷிப்ட் தொடங்குமுன் வரிசையில் நின்று சொல்கிற பாதுகாப்பு உறுதிமொழி. அதையே ராகம் போட்டு முணுமுணுத்தேன். ஓடும் இயந்திரத்தில் கைவிட மாட்டேன் என்கிற இடத்தில் மணியை ஓங்கி ஆட்டினேன். கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமாவுக்குத் தோள் குலுங்கியது.

தட்டை நீட்டத் திரும்பினால், பின்னால் ஒருவர் கைகூப்பி நின்றிருந்தார். "வாங்கண்ணா, எப்ப வந்தீங்க?" என்று மாமா பதறியபோதுதான் பெண்ணின் அப்பா என்று புரிந்தது. அவர் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"நானும் ஓசூர்ல கம்பெனி வேலைதான். தெனம் காலையில இதத்தான் சொல்றோம்" என்றார் மெதுவாக. "நடுவுல ஹெல்மெட் வரிய விட்டுட்டீங்க, மாப்ள."