சோள மாளிகை முன்னால் எடுத்த படம்

ஆவணி மாதம் வந்தால் கியூபெக்கில் எல்லா வீட்டிலும் சோளன் அவியும் மணம்தான். இங்குள்ள பழைய ஆட்கள் பிரெஞ்சில் அதை ‘இந்தியக் கோதுமை’ என்பார்கள். சோளனுக்கும் கோதுமைக்கும் என்ன உறவென்று நான் இன்றுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை. என் பிரெஞ்சு அவ்வளவு தூரம் போகாது. போன ஞாயிறு லவாலில் எங்கள் வீட்டிலும் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மகள் அடுத்த விடுமுறைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தவள், கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். தெற்கு டகோட்டாவில் பார்க்க வேண்டிய இடங்களாம். மலையில் செதுக்கிய தலைகள், காட்டெருமைகள், பிறகு சுவர் முழுக்கச் சோளன் பொத்தி பதித்த ஒரு பெரிய மாளிகை.

“இதப் பாருங்கம்மா, சோளனால ஒரு பில்டிங்.”

“ம்” என்று சொல்லி, அடுப்பைக் குறைக்கப் போகிறவள்போலக் குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பு ஏற்கெனவே குறைவாகத்தான் எரிந்தது.

அந்த மாளிகைக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன். எண்பதுகளின் நடுவில், என் கணவரல்லாத ஒருவருக்கு மனைவியாக.

திடுக்கிட வேண்டாம், சொல்கிறேன். கலியாணமான சில கிழமைகளிலேயே என் கணவர் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு மொன்றியலுக்கு வந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து, உழைத்த காசைக் கட்டி ஏஜென்சிக்காரர் மூலம் என்னைக் கூப்பிட்டார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இறக்கினார்கள். அங்கிருந்து கிழக்கே கனடா எல்லைவரை ஒரு வான் வண்டியில் போகவேண்டும். ஓட்டியவன் ராஜன் என்ற தமிழ்ப் பொடியன். என்னோடு வந்தவர் பருத்தித்துறைக்காரர், வங்கியில் கிளார்க்காக இருந்தவர். எங்கள் கையிலிருந்த கள்ளக் கடவுச்சீட்டுகளின்படி நாங்கள் புதுத் தம்பதி. நான் அவரை முதல் நாளிலிருந்து அண்ணை என்றுதான் கூப்பிட்டேன்.

ராஜனுக்கு ஒரு கொள்கை இருந்தது. “ஒளிச்சுப் போனாத்தான் பிடிப்பாங்கள். ஊர் பாக்க வந்த ஆக்கள் மாதிரிப் போவம்.” ஆகவே வழியில் என்னென்ன காட்சி உண்டோ எல்லாவற்றிலும் இறங்கினோம். எனக்கு ஒரு தொப்பியும், வாழ்க்கையில் முதல் தடவையாக ஜீன்ஸும். மேற்சட்டையை முழங்கால்வரை இழுக்க முடியுமா என்று பார்த்தபடியே தெற்கு டகோட்டா முழுக்க நடந்தேன். மலைத் தலைகளுக்கு முன்னால், “கையக் காட்டி ஏதாவது சந்தோசமாக் கதையுங்கோ” என்றான் ராஜன். அண்ணை கையை நீட்டி மிகுந்த மரியாதையோடு, “நாலு தலை” என்றார். நான், “ஓம், நாலு” என்றேன். காற்று அரித்த மண்மலைகளையும், முடிவே இல்லாத புல்வெளியையும், சோதனைத்தாளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

‘பிறகு’ என்பதற்கு நான் ‘மறுகா’ என்பேன், அவர் ‘பேந்து’ என்பார். ஒரு தமிழர் இரண்டு வசனம் கேட்டாலே இது ஒரே வீட்டுச் சோடி இல்லையென்று கண்டுபிடித்திருப்பார். நல்ல காலம், அந்தப் புல்வெளியில் தமிழர் இல்லை.

சோள மாளிகையடியில் ராஜன் கமராவை எடுத்ததும், நடைபாதையில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். நான் மேற்சட்டையை மறுபடி கீழே இழுத்தேன். வந்தவர் சிரித்தபடி கையை நீட்டினார். தானே படம் எடுத்துத் தருவாராம். ராஜன், “இவை புதுசாக் கலியாணம் கட்டினவை” என்று இங்கிலீசில் சொல்லி, தான் ஒதுங்கிக்கொண்டான். பொலிஸ்காரர் கமராவைக் கண்ணில் வைத்து, இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்று மற்றக் கையை வீசினார். அண்ணை, சுடுசட்டியைத் தொடுபவர்போல என் தோளில் கையை வைத்தார்.

மாளிகைச் சுவரில் குருவிகள் கூட்டமாகச் சோளன் கொத்திக்கொண்டிருந்தன. ஒருவரும் விரட்டவில்லை. அண்ணை உதடு அசையாமல், “ஒரு வெருளிகூட வைக்கேல்ல” என்றார்.

“ஏன், முன்னால நிக்குதே” என்றேன் நான்.

தொப்பியோடு, ஒரு கையைத் தூக்கியபடி, வயலில் குருவி விரட்ட நட்ட பொம்மைபோலப் பொலிஸ்காரர் அசையாமல் நின்றார். அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்ததென்று தெரியாது. அண்ணை குலுங்கினார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கமரா கிளிக் என்றது.

பிறகு எல்லையில் அகதி என்று சொல்லி, மொன்றியல் பஸ் நிலையத்தில் வந்து இறங்கினோம். கணவர் அங்கே காத்துநின்றார். தடித்த கோட்டு, கன்னமெல்லாம் ஒட்டி, வேறு யாரோ போல. கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பக்கத்தில் நின்ற அண்ணையின் முகம் அப்போது எனக்கு என் கணவரின் முகத்தைவிடப் பழக்கமாக இருந்தது. இதை நான் எவருக்கும் சொன்னதில்லை.

மொன்றியலின் கோட்-தெ-நெய்ஜ் பகுதியில் ஒற்றை அறை வீடு. கணவருக்கு டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் தட்டுக் கழுவும் வேலை. சவர்க்கார ஆவியும் கோழிக்கொழுப்பும் கலந்த மணத்தோடு வீட்டுக்கு வருவார். ஒருநாள் அண்ணை பிஸ்கட் பெட்டியோடு வந்தார். ராஜன் கமராவிலிருந்த பிலிமை அவரிடம் கொடுத்திருந்தானாம், கழுவி எடுத்துவந்திருந்தார். உரியவரிடம் கொடுப்பதுதான் முறை என்று நினைத்த மனிதர். கணவர் ஒவ்வொரு படமாகப் பார்த்து, கடைசிப் படத்தில் நின்றுவிட்டார்.

“நல்லாத்தான் சிரிக்கிறாய், புள்ள” என்றார்.

எங்கள் கலியாணப் படத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் என் சிரிப்பைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அண்ணை போனதும் கணவர் கத்தரிக்கோல் எடுத்தார். கோபமெல்லாம் இல்லை, தையற்காரர்போல நிதானமாக வெட்டினார். அண்ணையின் தலை போனது, உடம்பு போனது. கையை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் என் தோளும் போய்விடும். யோசித்துவிட்டு, கையோடேயே பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினார். அந்தச் சுவரில் தொங்கிய ஒரே படம் அதுதான்.

கொஞ்ச நாளில் அண்ணை மறுபடி வந்தார். பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்காவும் இருந்தா. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா படத்தைப் பார்த்து, “வடிவா வந்திருக்கு. இது ஆற்ற கையப்பா?” என்றா.

“என்ட கைதான்” என்றார் கணவர். “ஊர் பாக்கப் போனனாங்க.”

படத்திலிருந்த கையில் மணிக்கூடு உள்மணிக்கட்டுப் பக்கமாகத் திரும்பியிருக்கும். அண்ணைக்கு அப்படிக் கட்டுவது வழக்கம். அன்றும் அப்படித்தான் கட்டியிருந்தார். அக்காவின் கண் படத்துக்கும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்த கைக்கும் போய்வந்தது. அண்ணை கோப்பையை வைத்துவிட்டு, சேட்டுக்கையை மெதுவாக இழுத்து மணிக்கூட்டை மூடினார்.

“சீனி கொஞ்சம் போடு, பிள்ளை” என்றா அக்கா. ஏற்கெனவே போட்டிருந்தேன். மறுபடியும் போட்டேன்.

அண்ணை தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். மிச்சம் வைத்தால் நாங்கள் தப்பாக நினைப்போம் என்று குடித்தாரோ என்னவோ. “பேந்து வாறன்” என்று செருப்பை மாட்டினார். பிறகு வரவில்லை. டொரொண்டோவுக்குப் போய்விட்டாராம்.

எல்லோரும் போனபிறகு கேட்டேன். “ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலையிலும் கழுவி, வீட்டிலும் கழுவி, விரல்களில் தோல் உரிந்திருந்தது. திரும்பாமலே சொன்னார். “வேற என்னத்தச் சொல்ல? உன்னை இஞ்ச கூட்டி வந்தது இந்தக் கைதானே. அது ஒரு படத்திலயும் இல்ல.”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செய்யாத தவறுக்கு ஒருவர் வெட்கப்பட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒருவரையும் ஏமாற்றவில்லை, அண்ணையும் இல்லை. ஆனால் இவர் இங்கே ஆவிக்குள் நின்று தட்டுக் கழுவிய நேரத்தில், நான் அங்கே சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுக்கவும் முடியவில்லை, அவருக்குக் கொடுக்கவும் தெரியவில்லை.

மகள் பிறந்தபோது அந்தப் பிரேமுக்குள் அவளுடைய படம் போனது. பழையது எங்கே போனதென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படம் கழுவும் கடைகளே இப்போது இல்லை. பரமேஸ் அக்கா லண்டனில் பிள்ளைகளிடம் போய்விட்டா. அண்ணையை ஒரு கலியாண வீட்டில் கண்டதாக யாரோ சொன்னார்கள். வேறொருவர், அவர் காலமாகிப் பல வருடமாயிற்று என்றார். எது சரியென்று விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

கணவரும் கண்ணை மூடிவிட்டார். நயாகராவில், மகளின் பட்டமளிப்பில், இந்த வீட்டுக் குடிபூரலில் என்று நாங்கள் சேர்ந்து நின்ற படங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் ஒரு முழம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கிட்ட வாங்கோ என்று எடுப்பவர் சொன்னால் அரை அடி வருவார், கை வராது. ஒரு தடவையாவது அந்தக் கையை நானே எடுத்து என் தோளில் வைத்திருக்கலாம். ஆட்கள் பார்க்கிறார்களே என்று ஒவ்வொரு தடவையும் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன்.